எண்ணெய் போகும் வழி

காருக்கு அடியில் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று இருந்தது.

மதிவதனி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள். என்ஜின் ஆயில் ஒழுகுகிற வண்டிக்கு அடியில் பழைய பெயிண்ட் டப்பா வைப்பார்கள், வாயை அறுத்த தண்ணீர் கேன் வைப்பார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் மண்ணை அள்ளிக் கொட்டுவார்கள். இதுவோ புளி போட்டுத் துலக்கி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக இருந்தது. அதன் வாயில் வெள்ளை வேட்டித் துணியை மடித்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அடுப்படியில் எதையோ வடிகட்டக் கட்டுவதைப் போல. துணியின் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் ஊறியிருந்தது.

கார்க்காரர் பெரிய சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டூல் பையை இறக்கி வைத்தாள்.

நெரவி ரோட்டில் அவளும் கணவன் மணிபாரதியும் ஹோஸ் கடை வைத்திருந்தார்கள். அறுவடை மிஷினிலோ, மண் அள்ளுகிற வண்டியிலோ, விசைப்படகிலோ எண்ணெய்க் குழாய் வெடித்தால், அதே அளவுக்குப் புது ஹோஸ் வெட்டி, முனையில் பிட்டிங் வைத்து மிஷினில் அழுத்திக் கொடுப்பது அவர்கள் தொழில். காரைக்கால் துறைமுகத்தில் நிற்கிற படகுகளின் அடித்தட்டில் டீசலும் மீன் கழிவும் சேர்ந்து நாறுகிற தண்ணீருக்குள் கையை முழங்கைவரை விட்டு அவள் வேலை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மத்தியானச் சோறும் சாப்பிட்டிருக்கிறாள். குமட்டல் என்பதைத் தொழிலுக்குள் அவள் விட்டதில்லை.

இன்று மணிபாரதி ஒரு படகு வேலையாகத் துறைமுகம் போயிருந்தான். அவன் வரும்வரை பொறுக்க அவளுக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால், இந்தக் காரை அவன் தொடுவதற்கு முன்னால் தான் தொட வேண்டும் என்று இருந்தது. போலகத்தில், நெல் வயல்களுக்கு நடுவே, ஒரு கார்க் கொட்டகைக்குள் இப்படி ஒன்று நிற்கும் என்று யார் நினைப்பார்கள்? இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. நீல நிறம். கோடு, முனை என்று எதுவும் இல்லாமல், கூழாங்கல்லை ஆறு தேய்த்தது போல வழுவழுவென்று வளைந்த உடம்பு.

"அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. ரிட்டயர் ஆவுறப்ப கப்பல்ல கொண்டாந்தாரு" என்றார் கைலாசநாதன். அறுபதைத் தாண்டிய மனிதர். கொட்டகை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வயதுக்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தோல் மினுமினுவென்று இருந்தது.

"எப்ப சார் கடைசியா ஓட்டுனீங்க?"

"ஓட்டுறதெல்லாம் அப்பாவோட போச்சும்மா. நாங்க எடுக்குறதில்ல."

அவர் கடைக்கு வந்து சொன்ன வேலை இதுதான். என்ஜின் காரின் பின்பக்கம் இருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது. அதைக் காரின் மூக்குவரை கொண்டுபோய், காற்றுப் படுகிற இடத்தில் ஒரு ஆயில் கூலர் வைத்து ஆற்றி, திரும்பப் பின்னால் கொண்டுவர வேண்டும். போக ஒரு குழாய், வர ஒரு குழாய். காரின் வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டால் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் அறுந்துவிடும். சைலன்சர் பக்கம் கொண்டுபோனால் ஆற வேண்டிய எண்ணெய் இன்னும் சூடாகும். கதவுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு, தகட்டால் ஆன பெட்டி ஒன்று ஓடுகிறது. உள்ளே பொந்து. அதன் வழியாக நுழைத்துக் கொண்டுபோவதுதான் முறை. அதற்குத் தோதாக ஹோஸ்களை வெட்டி முனை வைத்து எடுத்து வந்திருந்தாள். கூலருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயில் இருப்பது போலத் திறந்து மூடுகிற டேப் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அது எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. வடிப்பதற்கு என்றார். கொண்டு வந்திருந்தாள்.

ஓட்டாத காரில் எண்ணெய் எப்படிக் கொதிக்கும் என்று, அவர் எடுப்பதில்லை என்று சொன்னதுமே கேட்டிருக்க வேண்டும். கேட்க வாயெடுத்தபோது அவர் மனைவி பங்கஜவல்லி தட்டோடு வந்துவிட்டாள்.

"மொதல்ல சாப்புடும்மா. அப்பறம் பாரு வேலைய."

வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே மழை அடைத்துக்கொண்டு நின்றது. பிற்பகல்தான் என்றாலும் கொட்டகைக்குள் விளக்குப் போட வேண்டிய இருட்டு. காலையில் பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிய அவசரத்தில் மதிவதனி அரை வயிறுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. ஒன்றைக் கடித்தாள். அந்த ருசியை அவளால் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. நெய்யும் இல்லை, கடலை எண்ணெயும் இல்லை. நாக்கில் கொழகொழவென்று பரவி, இனித்து, தொண்டையில் தானே வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னொன்று எடுத்தாள். அதற்குப் பிறகு எத்தனை என்று தெரியவில்லை. தட்டு காலியானபோதுதான் நிமிர்ந்தாள். கைலாசநாதன், பங்கஜவல்லி, எப்போது வந்து நின்றான் என்று தெரியாத அவர்கள் மகன் ஹரிஹரன், மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முகத்திலும் ஒரே மினுமினுப்பு.

"புடிச்சிருக்கா?" என்றாள் பங்கஜவல்லி.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள். உதட்டில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். அது முழுதாகப் போகவில்லை.

சாக்கை விரித்துக் காரின் பின்பக்கம் படுத்தாள். என்ஜினை ஒட்டி, பெட்டியின் வாய் இருட்டாகத் தெரிந்தது. முதலில் ஒரு கம்பியை நுழைத்து வழி பார்க்க வேண்டும், பிறகு அதில் ஹோஸைக் கட்டி இழுக்க வேண்டும். தலையை உள்ளே நீட்டியபோதுதான் வாடை வந்தது. பழைய காருக்குரிய துரு வாடையோ, பெட்ரோலோ, மட்கிய ரெக்ஸினோ இல்லை. நீண்ட நாள் காய்ச்சலில் கிடக்கிற ஒருவரின் தலையணை, சீம்பால் திரிந்த பாத்திரம், வெயிலில் வைத்த கறிக்கடைத் தராசு, இவை எல்லாம் ஒன்றாகி, அதன்மேல் சர்க்கரை தூவியது போல ஒரு வாடை. மூச்சை வாயால் இழுத்தாள். இப்போது அந்த வாடை நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

தரையில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தில் ஏறி, பெட்டியின் வாய்க்குள் நுழைந்தது. திரும்பி வருகிற வரிசை இல்லை.

கம்பியை விட்டாள். முதலில் தகட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றது. கம்பி எதிலோ பதிந்தது. கடினமான எதிலும் இல்லை, மாவுப் பதத்தில் எதிலோ. அழுத்தினாள். உள்ளே வாங்கிக்கொண்டு, மெதுவாக எதிர்த்துத் தள்ளியது. உருவி எடுத்துப் பார்த்தபோது கம்பி முழுக்க மஞ்சள் கொழுப்பு அப்பியிருந்தது. அதன்மேல் ஆறின பால் மேல் படிகிற ஆடை மாதிரி மெல்லிய தோல். தோலில் பூனை மயிர் போன்ற சின்னச் சின்ன முடிகள். அவள் விரல் பட்டதும் முடிகள் எழுந்து நின்றன.

கம்பியைக் கீழே போட்டாள்.

"உள்ள எலி செத்துக் கெடக்கு சார்." குரல் அவளுக்கே கம்மலாகக் கேட்டது. "தண்ணி அடிச்சுக் கழுவணும். அப்பறம்தான் ஹோஸ விடலாம்."

"தண்ணி படக் கூடாதும்மா" என்றார் கைலாசநாதன் அவசரமாக. பிறகு தணிந்த குரலில், "எலியெல்லாம் இருக்காது. உள்ள போனது எதுவும் கரைஞ்சுடும். நீங்க தள்ளுங்க. வழி விடும்."

மணிபாரதி இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பான். அவளும் கிளம்பத்தான் நினைத்தாள். ஆனால் தன் கண்ணால் பார்க்காமல் பயந்து ஓடினாள் என்று இருக்கக் கூடாது. டார்ச்சை எடுத்தாள். பொந்துக்குள் அடித்தாள்.

தகடு தெரியவில்லை. பெட்டியின் உட்புறம் நான்கு பக்கமும் இளஞ்சிவப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. மடிப்பு மடிப்பாக, தொண்டைக்குள் பார்ப்பதைப் போல. வெளிச்சம் பட்ட இடம் சுருங்கியது. சுருங்கி, ஒரு சொட்டை வெளியே தள்ளியது. அந்தச் சொட்டு மடிப்புகளின் வழியாக உருண்டு வந்து அவள் நெற்றியில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

நெற்றியைச் சட்டைக் கையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். எழ வேண்டும் என்று நினைத்தாள். அவள் கை, அவள் சொல்லாமலே, முதல் ஹோஸின் முனையை எடுத்துப் பொந்தின் வாயில் வைத்தது.

ஒரு சாண் தள்ளினாள். அதற்கு மேல் தள்ள வேண்டியிருக்கவில்லை.

ஹோஸ் தானே போனது. மெல்ல, விட்டு விட்டு. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். இன்னொரு இழுப்பு. கறுப்பு ரப்பர் அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே நழுவி உள்ளே போய்க்கொண்டிருக்க, பொந்தின் விளிம்பில் ஏதோ அதைச் சுற்றி உதடு போலக் குவிந்து குவிந்து விரிந்தது. அந்தச் சத்தம் ஒரு குழந்தை கரும்பைச் சப்புகிற சத்தம் போல இருந்தது. இரண்டாவது ஹோஸையும் அது வாங்கிக்கொண்டது. காரின் மூக்கில் இரண்டு முனைகளும் வெளியே வந்தபோது நக்கித் துடைத்தது போலப் பளபளத்தன. அவள் முன்னால் போய் அவற்றைக் கூலரில் பூட்டினாள், டேப்பையும் பூட்டினாள். அதைச் செய்தது தான்தான் என்று தெரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை. வாய் நிறைய எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. விழுங்க விழுங்க ஊறியது.

இனி பின்பக்க முனைகளை என்ஜினில் சேர்க்க வேண்டும். என்ஜின்மேல் கை வைத்தாள். சுட்டது. வருஷக்கணக்காக ஓடாத என்ஜின், நெல் அவிக்கிற அண்டா மாதிரி சுட்டது. ஸ்பேனரால் எண்ணெய் வழியின் மூடியைத் திருகினாள். பழைய ஆயில் தார் மாதிரி கறுப்பாக வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது பொன்னிறம்.

தெளிந்த, கெட்டியான பொன்னிறம். ஆவி பறக்கக் கொட்டியது. கூடவே அந்த மணம் எழுந்து கொட்டகையை நிறைத்தது. அவளுக்குத் தெரிந்த மணம். கொஞ்ச நேரத்துக்கு முன் தட்டிலிருந்து எழுந்த மணம். இப்போதும் அவள் விரலிடுக்கில், உதட்டில், மூக்குக்குள் இருக்கிற மணம்.

"ஐயோ, வீணாவுது!" என்று பங்கஜவல்லி ஓடி வந்தாள். மண்டியிட்டு, கொதிக்கிற எண்ணெயை இரண்டு கையாலும் ஏந்தினாள். தோல் வெந்து வெளுத்து உரிந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. உரிந்த தோலோடு சேர்த்து உள்ளங்கையை வாயில் வைத்து வழித்து நக்கினாள்.

"சார்." மதிவதனிக்கு மூச்சு வாங்கியது. "இதுல என்ன எண்ணெய் ஊத்தியிருக்கீங்க?"

"நாங்க எங்கம்மா ஊத்துனோம்?" கைலாசநாதன் சிரித்தார். பல்லெல்லாம் மஞ்சளாக மினுங்கியது. "அப்பா ஊத்துனதுதான். அதுக்கப்பறம் அதுவே ஊறுது. சமையலுக்கு, தலைக்கு, வெளக்குக்கு, எல்லாத்துக்கும் இதுதான். கடையில எண்ணெய் வாங்கி எவ்வளவோ காலமாச்சு. சூடுதான் வர வரக் கூடிப்போச்சு. வாயி வெந்துபோவுது. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னது."

அவள் மழைக்குள் ஓடினாள். கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் விரலை விட்டாள். குமட்டியது. ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக விட்டாள். விரல் நுனியில் ஏதோ வழுவழுவென்று தட்டுப்பட்டது. அது விரலைச் சுற்றி மெல்லக் குவிந்தது. சப்பியது.

விரலை உருவிக்கொண்டாள். கத்த வாய் திறந்தாள். எச்சில் நூலாக இறங்கியது. மழைத் தண்ணீரில் விழுந்து, வானவில் நிறத்தில் விரிந்து மிதந்தது.

ஓட வேண்டும். ஸ்கூட்டி கேட்டருகே நின்றது. சாவி பையில். பை உள்ளே.

சாவிக்காகத்தான் உள்ளே போனாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். போனவள் பையைத் தாண்டி நடந்தாள். சாக்கில் படுத்தாள். பின்பக்க முனைகளை என்ஜினில் வைத்து, ஸ்பேனரால் ஒவ்வொன்றாக இறுக்கினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நல்ல வேலை. அவள் கை எப்போதும் நல்ல வேலைதான் செய்யும்.

யாரும் சாவி போடவில்லை. என்ஜின் ஓடவில்லை. குழாய் நிறைந்தது. கதவுக்குக் கீழே, தகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு துடிப்பு கேட்டது. பின்னாலிருந்து முன்னால். பின்னாலிருந்து முன்னால். விழுங்குகிற சத்தம்.

ஹரிஹரன் வந்து காரின் மூக்குக்கு அடியில் மல்லாந்து படுத்தான். டேப்பைத் திறந்தான். ஆறிய எண்ணெய் மெல்லிய நூலாக இறங்கியது. அவன் வாய் திறந்தது. ஒரு மனிதனின் வாய் திறக்கக் கூடிய அளவைத் தாண்டியும் திறந்தது. பக்கத்தில் கைலாசநாதன் படுத்தார். அதற்குப் பக்கத்தில் பங்கஜவல்லி.

போன் அடித்தது.

மணிபாரதி. அந்தப் பெயரைப் பார்த்ததும் மதிவதனிக்கு அழுகை வந்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் அவள் இன்னும் அவளாகவே இருந்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"மதி, எங்க இருக்க? இன்னுமா முடியல? வேலை முடிஞ்சு பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூப்டுக்கிட்டேன். கூட்டிட்டு வீட்டுக்குப் போவட்டா, இல்ல அங்க வரணுமா?"

வராதீங்க. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வராதீங்க. பாப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. கதவப் பூட்டிக்குங்க. அந்தச் சொல்லை நெஞ்சிலிருந்து தள்ளினாள். தொண்டைவரை கொண்டுவந்தாள். அங்கே அது வழுக்கியது.

"வாங்க" என்றாள். "போலகம் திரும்புற எடத்துலேர்ந்து நேரா வாங்க. பாப்பாவும் வரட்டும்."

"பசிக்குதுங்குறா. வழியில எதாவது வாங்கிக் குடுத்துட்டு வரேன்."

"வேணாம். ஒண்ணும் குடுக்காதீங்க. பசியோடயே கூட்டிட்டு வாங்க."

"என்னாச்சு உனக்கு? குரல் ஒரு மாதிரியா இருக்கு. வாயில என்ன வச்சிருக்க?"

அவள் விழுங்கினாள்.

மழை விடவில்லை. நேரம் போனது தெரியவில்லை. குழாயின் துடிப்பும் அவள் தொண்டையின் துடிப்பும் எப்போது ஒன்றானது என்றும் தெரியவில்லை. கேட்டருகே பைக் வந்து நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் கொட்டகைச் சுவரில் ஏறி இறங்கியது. "அம்மா!" என்று பாப்பாவின் குரல். ரெயின்கோட் சரசரக்க ஈரத்தில் ஓடி வருகிற சின்னக் காலடிகள்.

மதிவதனி காரின் மூக்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். ஒரு பக்கம் பங்கஜவல்லியின் மினுமினுக்கிற தோள் அவள்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்ப முடிந்தது. வாயை மூட முடியவில்லை.

பங்கஜவல்லி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டாள். பிறகு உடம்பைக் குறுக்கி ஒதுங்கிப் படுத்து, தனக்கும் மதிவதனிக்கும் நடுவே தரையில் ஒரு சின்ன ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள். அந்த இடத்தில் விழுந்திருந்த எறும்புகளைக் கையால் தட்டிவிட்டாள்.